ஃபிரிட்ஜ் சோறு சுகரைக் குறைக்குமா? அம்மாவின் கையில் ஒட்டிய சென்சாரும் என் நோட்டும்

வாசகர் கேள்வி, 4 அக்டோபர் 2025

இரவே சோறு வடித்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சுடவைத்துச் சாப்பிட்டால் சுகர் பாதிக்குப் பாதி குறையும் என்று ஒரு வீடியோ. அரிசியோடு தேங்காய் எண்ணெய் சேர்த்து வேகவைத்தால் கலோரியும் பாதியாகிவிடுமாம். என் மாமனார் ஒரு வாரமாக இதைத்தான் செய்கிறார். சோற்றின் அளவை மட்டும் கூட்டிவிட்டார், 'பாதிதானே ஏறும்' என்கிறார். யாராவது அளந்து பார்த்திருக்கிறீர்களா?

5 அக்டோபர், காலை

அளந்து பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது, சுகர் வந்து 14 வருடம். ஆகஸ்ட்டில் இரண்டு வாரத்துக்கு, சர்க்கரையை விடாமல் அளந்து போனுக்கு அனுப்பும் சென்சாரைக் கையில் ஒட்டினோம். வடித்த சூட்டோடு சாம்பார் சாதம் சாப்பிட்ட நாளில் உச்சம் 248. முந்தின இரவு வடித்து ஃபிரிட்ஜில் வைத்த சோற்றைச் சுடவைத்துச் சாப்பிட்ட நாளில் 201. நாற்பத்தேழு குறைவு. எனக்குப் பெரிய சந்தோஷம், அண்ணனுக்கு உடனே போன் செய்து சொன்னேன்.

காரணம் இதுதான். அரிசி வேகும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சி ஊதிக் குழைகிறது. அந்த நிலையில் குடலில் உள்ள நொதி அதைச் சுலபமாக வெட்டிச் சர்க்கரையாக்கிவிடும். ஆறும்போது, குறிப்பாக ஃபிரிட்ஜ் குளிரில், அமைலோஸ் என்ற மாவுச்சத்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. இறுகிய பகுதியை நொதியால் வெட்ட முடியாது. அது பெருங்குடல் வரை போய் அங்கிருக்கும் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. திரும்பச் சுடவைத்தாலும் அந்தக் கட்டு முழுதும் அவிழாது. அமைலோஸ் கட்டு பிரிய நம் அடுப்பில் சோறு சுடவைக்கும் சூடு போதாது.

இந்தோனேசியாவில் 2015-இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. சுடச்சுட வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் செரிக்காத மாவுச்சத்து. 24 மணி நேரம் 4 டிகிரியில் வைத்துச் சுடவைத்ததில் 1.65 கிராம். அதைச் சாப்பிட்ட 15 பேருக்குச் சராசரியாக ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. ஆக மாமனார் செய்வதில் விஷயம் இருக்கிறது.

5 அக்டோபர், இரவு

தேங்காய் எண்ணெய்க் கதையை விட்டுவிட்டேன். அது இலங்கையிலிருந்து வந்தது. கொழும்பில் வேதியியல் படித்த சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் புஷ்பராஜா தவராஜாவும் 38 இலங்கை அரிசி வகைகளைப் பார்த்துவிட்டு, 2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். கொதிக்கும் நீரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், பிறகு அரிசி, வெந்ததும் 12 மணி நேரம் ஃபிரிட்ஜ். இதுதான் முறை. நல்ல ரகம் கிடைத்தால் கலோரியை 50, 60 சதவீதம் வரை குறைக்க வாய்ப்பிருக்கலாம் என்றார்கள். அப்போது கையில் இருந்த சிறந்த ரகத்துக்கு அவர்கள் சொன்ன குறைவு 10-லிருந்து 12 சதவீதம். 'வாய்ப்பிருக்கலாம்' என்ற சொல் உதிர்ந்து, 'பாதி' மட்டும் பத்து வருடமாகச் சுற்றுகிறது. அதுவும் சோதனைக்கூடத்தில் பார்த்தது, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததல்ல.

எண்ணெயிலும் கலோரி இருக்கிறது என்பதை மாமனாரிடம் சொல்லுங்கள்.

6 அக்டோபர்

நேற்றுக் காலை எழுதியதைத் திருத்த வேண்டும். ஆகஸ்ட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 248 வந்த நாளில் அம்மா எவ்வளவு சோறு சாப்பிட்டார் என்று நான் எழுதவே இல்லை. 201 வந்த நாளில் 'மிச்சம் இருந்த சோறு, கொஞ்சம், மோர், சின்ன வெங்காயம்' என்று எழுதியிருக்கிறேன். அளவு வேறு, தொட்டுக்கொண்டது வேறு. ஒன்றில் சாம்பார், பருப்பு, உருளைக்கிழங்கு, இன்னொன்றில் மோர். நாற்பத்தேழு முழுவதையும் ஃபிரிட்ஜ் கணக்கில் எழுதியது தவறு. நேற்று படித்துவிட்டு யாராவது ஆரம்பித்திருந்தால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 0.64-இலிருந்து 1.65 என்றால் 100 கிராம் சோற்றுக்கு ஒரு கிராம் கூடுதல். 150 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 42 கிராம் இருக்கும். அதில் ஒன்றரை கிராம் செரிக்காமல் போகிறது. அந்த ஒன்றரை கிராமுக்காக 24 மணி நேரம் காத்திருக்கிறோம். தட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பூன் சோற்றை எடுத்துவிட்டாலும் அதே ஒன்றரை கிராம்தான்.

6 அக்டோபர், மாலை

மேலே உள்ள கணக்கு ஒரு பக்கம்தான். அந்த 15 பேருக்கு ரத்தச் சர்க்கரை ஏற்றத்தின் பரப்பு (ஏற்றத்தைக் கோடாக வரைந்தால் அதற்குக் கீழே வரும் பரப்பு) சராசரியாக 152-இலிருந்து 125-ஆகக் குறைந்தது. ஒரு கிராம் மட்டும் காரணம் என்றால் அவ்வளவு குறையாது. மிச்ச மாவுச்சத்தும் கொஞ்சம் மெதுவாகச் செரிக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 15 பேருமே சுகர் இல்லாதவர்கள். என் அம்மா அப்படியில்லை.

8 அக்டோபர்

வடித்த சோற்றை இரவு முழுக்க சமையல் மேடையிலேயே வைத்துவிட்டுக் காலையில் சுடவைப்பதாக இருவர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கும், கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நச்சை விடும். வாந்தியை வரவைக்கும் அந்த நச்சு திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. இது எனக்கே நடந்தது. கல்யாண வீட்டில் மதியம் வடித்த சோற்றை ராத்திரி எலுமிச்சை சாதமாக்கினார்கள், மூன்று மணி நேரத்தில் ஆரம்பித்துவிட்டது.

செய்வதானால், வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள். சுடவைப்பது ஒரே ஒரு முறைதான், நன்றாக ஆவி பறக்க.

பழைய சோற்றுக்கு இது பொருந்தாதா என்றால், அதில் நீரூற்றிப் புளிக்க விடுகிறோம். லாக்டிக் அமிலம் உண்டாகிப் புளிப்பு ஏறும்போது கெட்ட பாக்டீரியாவுக்கு இடம் குறையும். ஆனால் புளிப்பு ஏற நேரம் பிடிக்கும். அதற்கு முன்னாலேயே சோறு கெட்டிருந்தால் தண்ணீர் காப்பாற்றாது.

18 அக்டோபர்

பத்து நாளாக எழுதாததற்குக் காரணம், அம்மாவுக்கு இன்னொரு சென்சார் வாங்கி ஒட்டினேன். ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி ஆகிறது, மனசு கேட்கவில்லை, ஆனாலும் இதை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. இந்த முறை தராசு வைத்தேன். சோறு 150 கிராம், அதே சாம்பார் ஒரு கரண்டி, அதே பீன்ஸ் பொரியல், அதே நேரம், அதே மாத்திரை. மூன்று நாள் சூடான சோறு, மூன்று நாள் ஃபிரிட்ஜ் சோறு, மாற்றி மாற்றி.

சூடான சோற்றுக்கு உச்சம் 221, 236, 209.

ஃபிரிட்ஜ் சோற்றுக்கு 214, 198, 228.

சராசரி எடுத்தால் 222-க்கு 213. ஒன்பது குறைவு. இரவு உட்கார்ந்து இந்த ஆறு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சோறு, ஒரே சாம்பார், ஒரே ஆள், ஆனால் நாளுக்கு நாள் 27, 30 என்று தானாகவே மாறுகிறது. அதற்குள் ஒன்பது என்ற வித்தியாசத்துக்கு என்ன பொருள்? ஆறு நாள் போதாது, அறுபது நாள் வேண்டும்.

இது எங்கள் வீட்டுச் சென்சாரின் கோளாறு என்று நினைத்தேன். இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2020-இல் ஒரே ஆளுக்கு இரண்டு கம்பெனிச் சென்சார்களைச் சேர்த்து மாட்டிப் பார்த்தார்கள். எந்தச் சாப்பாட்டுக்கு அதிகம் ஏறியது என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. இந்த 2025-இல் அதே குழு சார்பில் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே சாப்பாட்டை அதே ஆளுக்குத் திரும்பக் கொடுத்தபோது ஏற்றம் வேறாக இருந்தது. ஒரு நாள் ஒரு தோசைக்கு ஏறியதைப் பார்த்துவிட்டு 'தோசை எனக்கு ஆகாது' என்று முடிவு கட்டினால், தோசைக்கு அநியாயம் செய்கிறோம்.

19 அக்டோபர்

சின்னக் குறிப்பு. நேற்று முன்தினம் ராத்திரி இரண்டு மணிக்கு போனில் அலாரம். அம்மாவுக்கு 58 என்று காட்டியது. பதறி எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம்தான் விரலில் குத்திப் பார்த்தேன், கொடுத்த சர்க்கரையோடு சேர்ந்து 171. இரண்டு நிமிடத்தில் 58 அவ்வளவு தூரம் ஏறாது. அம்மா சென்சார் இருந்த கையை அடியில் போட்டுப் படுத்திருந்தார். அழுத்தத்தில் அந்த இடத்துத் திசுநீர் ஓட்டம் குறைந்து எண் பொய்யாக விழும். கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. நடுக்கம், வியர்வை இல்லாமல் எண் மட்டும் விழுந்தால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். நடுக்கமோ தடுமாற்றமோ இருந்தால் பார்த்துக்கொண்டிருக்காமல் சர்க்கரை கொடுங்கள்.

21 அக்டோபர், தீபாவளிக்கு மறுநாள்

அதிரசம் இரண்டு, மைசூர்பாகு ஒன்று. அம்மா மறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று மதியம் இன்னொன்று செய்து பார்த்தோம். நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அல்பனா சுக்லா குழுவினர் 2015-இல் செய்த சின்ன ஆய்வு, 11 பேர், எல்லோரும் சுகர் உள்ளவர்கள். காய்கறியையும் கோழியையும் முதலில் சாப்பிட்டு, ரொட்டியைக் கடைசியில் சாப்பிட்டால், ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. சாப்பாடு அதேதான், வரிசை மட்டும் மாறியது. இதை அம்மாவிடம் விளக்கினேன்.

"ஏண்டி, பொரியலையும் கூட்டையும் முதல்லயே தின்னுட்டா சோத்துக்கு எதைத் தொட்டுக்கிறது?"

இதற்கு ஆய்வுக் கட்டுரையில் பதில் இல்லை. நம் சாப்பாடு பிசைந்து சாப்பிடுவது. ரொட்டியைத் தனியாக வைத்துக் கடைசியில் கடிப்பவர்களுக்குச் சுலபமாக இருப்பது இலையில் சுலபமில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். பொரியலில் பாதியும் ஒரு முட்டையும் முதலில், மீதி சோற்றோடு. 

ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஸ்னைடர் குழு 2025-இல் வெளியிட்டதையும் சொல்ல வேண்டும். சோற்றுக்கு முன்னால் நார்ச்சத்து, புரதம், கொழுப்பு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்கிறவர்களிடம்தான் இந்த உத்திகள் பலித்தன. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காதவர்களிடம் பலன் குறைவு. அதாவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவாக உதவுகிறது. இது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

22 அக்டோபர்

'அப்போ சென்சார் ஏமாற்றா?' என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. என் பெரியம்மா பேரனுக்கு 9 வயதில் முதல் வகை சுகர். ஒரு நாளைக்கு நாலு முறை இன்சுலின். சென்சார் வருவதற்கு முன் அந்தப் பிள்ளையின் அம்மா மூன்று வருடம் ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்கவில்லை. இறங்குகிறதா ஏறுகிறதா என்று அம்புக்குறி காட்டுவதே அவர்களுக்கு உயிர். என் அம்மா போல மாத்திரையில் இருப்பவர்களுக்கும் போக்கைப் பார்க்க உதவுகிறது.

எனக்குக் கவலை வேறு. சுகரே இல்லாத இளைஞர்கள் இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டு, ஒரு ஏற்றத்தைப் பார்த்து வாழைப்பழத்தையும் பழச்சாற்றையும் பயந்து விடுகிறார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமானவர்களுக்குச் சென்சாரையும் விரல் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். சென்சார் கூட்டிக் காட்டியது. கிளைசெமிக் குறியீடு என்பது ஒரு உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் காட்டும் எண். பழங்களை அரைத்த ஸ்மூத்தி விரல் ரத்தத்தில் குறைந்த குறியீட்டு வகை, சென்சாரில் நடுத்தர வகை. ரத்தத்தில் உள்ள சர்க்கரை செல்களுக்கு இடையிலுள்ள திசுநீருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கேதான் சென்சார் அளக்கிறது. சில நிமிடம் பின்தங்கும், ஆளுக்கு ஆள் மாறும்.

26 அக்டோபர்

'சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுங்கள், கம்பு, ராகிக்கு மாறுங்கள்' என்று வரிசையாக எழுதுகிறார்கள். எங்கள் வீட்டிலும் நான்கு வருடம் இதுதான் நடந்தது. ராத்திரிக்கு மூன்று சப்பாத்தி, காலையில் இரண்டு டம்ளர் ராகிக் கூழ். அம்மா சோற்றைக் குறைத்துவிட்டார் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். சுகர் இறங்கவில்லை.

போன மாதம் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த, நாடு முழுக்கச் சுகரைக் கணக்கெடுக்கும் ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வைப் படித்தபோதுதான் புரிந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் மட்டும் சுகர் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் 5 சதவீதக் கலோரியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, தயிர் போன்ற புரதம் வந்தால் குறைவதோடு தொடர்பு தெரிகிறது. இதே குழுதான் 2023-இல் இந்தியாவில் 10 கோடிக்கும் மேல் சுகர்காரர்கள், இன்னும் 13 கோடிக்கும் மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று சொன்னது.

சோற்றைப் பற்றித் தனியாக 21 நாடுகளில் 1.3 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த 'ப்யூர்' (PURE) என்ற ஆய்வு இருக்கிறது, 2020. தினம் 450 கிராம் சோற்றுக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிட, தெற்காசியாவில் சுகர் வரும் வாய்ப்பு 61 சதவீதம் கூடுதல். தனி ஒருவருக்கு இப்படித்தான் என்று சொல்வதற்கில்லை, இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், காரணத்தை நிரூபிப்பவை அல்ல. இருந்தாலும் 450 கிராம் என்பதைத் தராசில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மதியம் மட்டும் அம்மா போட்டுக்கொண்டது 380.

இந்த இழையில் நான் சொல்ல வேண்டியது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஃபிரிட்ஜா, எண்ணெயா, எந்த அரிசி என்று மூன்று வாரம் பேசினோம். 380 கிராமைப் பற்றி நான் பேசவில்லை. ஆகஸ்ட்டில் எனக்குக் கிடைத்த நாற்பத்தேழும் பெரும்பாலும் 'கொஞ்சம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் இருந்திருக்கிறது.

27 அக்டோபர்

அவசரமாக ஒன்று. மேலே படித்துவிட்டு நாளையிலிருந்தே சோற்றைப் பாதியாக்காதீர்கள், குறிப்பாக கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள். மருந்தின் அளவு பழைய சோற்றளவுக்குப் பார்த்துக் கொடுத்தது. சாப்பாட்டை மட்டும் வெட்டினால் சர்க்கரை நிஜமாகவே இறங்கிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், அம்மாவின் மாத்திரை அளவையும் குறைத்தார்கள்.

2 நவம்பர்

பழைய சோறு பக்கம் பேச்சு போய்விட்டது, எனக்கும் பிடித்த பக்கம். 12 மணி நேரம் ஊறினால் இரும்புச் சத்து 3.4 மில்லிகிராமிலிருந்து 73.9 ஆகிறது என்ற எண்ணைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா அதை உற்பத்தி செய்யாது, தண்ணீரிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வந்தால்தான் உண்டு. புளிப்பதால் நடக்கக்கூடியது வேறு: இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் உடைந்து, இருக்கிற இரும்பை உடல் எளிதாக உறிஞ்சலாம். அதுவே நல்ல விஷயம்தான், இருபது மடங்கு என்று ஊதவேண்டியதில்லை.

சுகருக்கு நல்லதா என்று கேட்டால் ஒன்று கவனித்தேன். எங்கள் வெண்கலக் கிண்ணம் நிறைய பழையதை வடிகட்டி நிறுத்தேன். சோறு பாதிதான், மீதி நீராகாரம். வயிறு நிறைந்துவிடுகிறது, உள்ளே போன அரிசி குறைவு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோய்களுக்காக ஆராய்கிறார்கள். அது வேறு கேள்வி, அதைச் சுகரோடு முடிச்சுப் போட வேண்டாம்.

9 நவம்பர்

எந்த அரிசி என்று இன்னும் கேட்கிறார்கள். புழுங்கல் அரிசி பொதுவாகப் பச்சரிசியைவிடப் பரவாயில்லை. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போதே மாவுச்சத்து ஒருமுறை குழைந்து, ஆறி, இறுகிவிடுகிறது. ஃபிரிட்ஜில் நடப்பது நெல் அவிக்கும் களத்திலேயே ஓரளவு நடந்துவிட்டது. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இதை ஏற்கெனவே சாப்பிடுகிறோம் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச அரிசி ஆராய்ச்சி நிறுவனத்தில் நெசே ஸ்ரீநிவாசுலு குழுவினர் நம்ம சம்பா மசூரியை அமைலோஸ் அதிகமுள்ள இன்னொரு வகையோடு சேர்த்து, கிளைசெமிக் குறியீடு 45-க்கும் கீழே, புரதம் 16 சதவீதத்தை ஒட்டி இருக்கும் நெல் வரிசைகளை 2024-இல் அறிவித்தார்கள். சாதாரண வெள்ளை அரிசியில் புரதம் 7, 8 சதவீதம். இது கடைக்கு வந்தால் நான் முதலில் நிற்பேன். இட்லிக்கும் ஒத்துவருமா என்று அம்மா கேட்கிறார்.

16 நவம்பர்

மூன்று மாதச் சராசரி வந்துவிட்டது. ஆகஸ்ட்டில் 8.4, இப்போது 7.8. சோறு குறைந்தது ஒரு மாதம்தான். தினமும் மாலை தெருக்கோடி வரை நடக்க ஆரம்பித்ததும் செப்டம்பரில்தான். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்தது பிப்ரவரியில்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: மாமனார் ஃபிரிட்ஜ் சோறே சாப்பிடட்டும், கெடுதல் இல்லை, சீக்கிரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். கூட்டிய அளவை மட்டும் திரும்ப இறக்கச் சொல்லுங்கள். ஒருநாள் அவரே தன் தட்டை நிறுத்துப் பார்க்கட்டும். நான் சொல்லி அம்மா கேட்கவில்லை, தராசு 380 காட்டியதும் கேட்டார். இப்போது 180 கிராம் பிடிக்கிற கிண்ணம் ஒன்று வைத்திருக்கிறார். பருப்பு இரண்டு கரண்டி, தயிர் ஒரு கப். கிண்ணத்தைக் குமித்துப் போடுகிற நாளில் என் நோட்டில் அவரே ஒரு கோடு போட்டுவிடுகிறார். இந்த வாரம் இரண்டு கோடு.